கல்லடைப்பு என்று போய் பெருந்தமனி ஆபரேஷனில் முடிந்தது: ஆஸ்பத்திரிக்கு நாலு ஸ்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரி பெயரைப் போடப்போவதில்லை. டாக்டர்களைப் பாராட்டவும் போகிறேன், பில் கவுண்டரைத் திட்டவும் போகிறேன், இரண்டையும் பெயரோடு எழுதிவிட்டு அடுத்த செக்கப்புக்கு அதே வாசலில் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றாலே திருநெல்வேலியா, மதுரையா, திருவனந்தபுரமா என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதுவரை கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊர், 1956 நவம்பரில்தான் மலைக்கு இந்தப் பக்கம், அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனாலோ என்னவோ, வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் அந்தப் பக்கம்தான் கால் இழுக்கும்.

நோயாளி என் பெரியப்பா. வயது 69. முப்பது வருஷம் புனலூர், கொல்லம் லைனில் லாரி ஓட்டியவர். பீடி பதினாறு வயதில் ஆரம்பித்தது, நிற்கவில்லை. "எனக்கு சுகர் கிடையாது" என்பது அவர் எல்லோரிடமும் சொல்லும் பெருமை. (பின்னால் டாக்டர் ஒன்று சொன்னார்: சுகர்காரர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறதாம். பெரியப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.)

ஜூன் மாதம், குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்த வாரம். இடது பக்கம் விலாவுக்குக் கீழே ஆரம்பித்து முதுகைப் பிளந்துகொண்டு அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு, கல்லடைப்புதான், தண்ணீர் நிறையக் குடிங்க என்று அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா வாழைத்தண்டு சாறு இரண்டு டம்ளர் கொடுத்தார். வலி குறைந்த மாதிரி இருந்தது, எல்லோரும் தூங்கப் போனோம். விடியற்காலை பாத்ரூம் போனவர் அங்கேயே சரிந்து விழுந்துவிட்டார். தூக்கும்போது சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை, கை ஐஸ் மாதிரி.

கிளினிக் டாக்டரை முழுக்கக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல் வலியும் இந்த வலியும் அண்ணன் தம்பி மாதிரி, உலகம் முழுக்க டாக்டர்கள் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் அறுபது தாண்டிய, புகை பிடிக்கிற ஒரு ஆண், வாழ்க்கையில் முதல்முறையாகக் கல் வலி மாதிரி ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தால், கல் என்று எழுதுவதற்கு முன்னால் வயிற்றில் ஒரு ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிற விஷயம்தானாம். அன்றைக்கு அந்த ஒரு வரி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தது தென்காசியில் ஸ்கேன் பார்த்த டாக்டருக்கு. சின்ன வயசு. கல் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் ஜெல் தடவி ஆரம்பித்தார், பேசிக்கொண்டேதான் பார்த்தார், கருவியைத் தொப்புளுக்கு மேலே கொண்டுவந்தவுடன் பேச்சு நின்றுவிட்டது. மானிட்டரில் ஒரு பெரிய கறுப்பு வட்டம், எலுமிச்சம்பழம் இருக்க வேண்டிய இடத்தில் சாத்துக்குடி மாதிரி. "ஸ்டோன் எதுவும் இல்லை. இவரை எழுப்பி நிறுத்தாதீங்க" என்றார், அவரே எழுந்து போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே கட்டடத்தில் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன். அரைமணிக்குள் படம் வந்துவிட்டது.

இதயத்திலிருந்து கிளம்பி முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிற அயோர்ட்டா என்கிற பெருந்தமனி, வயிற்றுப் பகுதியில் சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 3 ஆனால் அனியூரிசம், அதாவது வீக்கம். ஆண்களுக்கு 5.5 தொட்டால் வெடிப்பதற்கு முன்னாலேயே சரிசெய்துவிட யோசிப்பார்கள். பெரியப்பாவுக்கு 7.2. அதுவும் இடது பக்கச் சுவர் கிழிந்து, ரத்தம் சிறுநீரகத்துக்குப் பின்னால் கசிந்து உறைந்து நிற்கிறது. லாரிக்காரக் குடும்பத்துக்கு எப்படிப் புரிந்தது என்றால், உள்ளே டியூப் போய்விட்டது, மேலே டயர் பிடித்து வைத்திருக்கிறது. முதுகுப் பக்கத்துத் திசுக்களும் உறைந்த ரத்தமும்தான் அந்த டயர். அது பிடித்திருக்கும்வரை ஆள் பேசுவார், தண்ணீர் கேட்பார், நடக்கக்கூடப் பார்ப்பார். அது வயிற்றுக்குள் திறந்துகொண்டால் நிமிஷக் கணக்குதான்.

அப்போதுதான் என் தங்கை ஒன்று சொன்னாள். பெரியப்பா மல்லாந்து படுத்து டிவி பார்க்கும்போது ரிமோட்டை வயிற்றின் மேல் வைத்திருப்பார். அது தானாக ஆடும். டக், டக், டக் என்று. "தாத்தா வயித்துல தவளை இருக்கு" என்று பிள்ளைகள் ஒரு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல்தான் நான் ஸ்டார் கொடுக்கிற விஷயம் வருகிறது. அந்த ஸ்கேன் டாக்டர் "திருவனந்தபுரம் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எங்களை வைத்துக்கொண்டே போன் போட்டார். முதல் இடத்தில் ரத்தநாள சர்ஜன் ஊரில் இல்லை. இரண்டாவது இடத்தில் சர்ஜன் இருக்கிறார், ஐசியுவில் படுக்கை இல்லை. மூன்றாவதில் நேராக சர்ஜனையே பிடித்துவிட்டார், சிடி படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், பத்து நிமிஷத்தில் "அனுப்புங்கள், தியேட்டரைத் தயார் பண்ணுகிறேன்" என்று பதில் வந்தது. இந்த மூன்று போன்தான் பெரியப்பாவைக் காப்பாற்றியது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு சண்டை. பிபி 90க்கு 60. பெரியம்மா அழுதுகொண்டே "ஒரு குளுக்கோஸ்கூட ஏத்த மாட்டேங்கானே, இவன்லாம் என்ன டாக்டரு" என்று சத்தம் போட, நாங்களும் சேர்ந்துகொண்டோம். நம் ஊரில் பாட்டில் தொங்கினால்தானே வைத்தியம். அந்த டாக்டர் கோபப்படாமல் சொன்னார்: பிபியை ஏற்றிவிட்டால் அடைத்து நிற்கிற ரத்தக்கட்டியைத் தள்ளிக்கொண்டு உடைத்துவிடும், மேல் பிபி 80, 90 இருந்து ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தால் ஆபரேஷன் மேஜை வரைக்கும் அதுவே போதும், வேண்டுமென்றேதான் ஏற்றவில்லை. வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார். கூட ஒரு நர்ஸை அனுப்பினார். அந்தச் சின்னப் பையனிடம் அன்றைக்கு நாங்கள் பேசிய பேச்சுக்கு பின்னால் போய் மன்னிப்புக் கேட்டோம்.

ரோடு பற்றி ஒரு வரி. புளியரை செக்போஸ்டில் ஜல்லி, எம்சாண்ட் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கும், தெரிந்த கதைதான். ஆம்புலன்ஸ் டிரைவர் முன்கூட்டியே அங்கே யாரையோ கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், ஒதுக்கிவிட்டார்கள். எஸ் வளைவில் ஏறும்போது மழை. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டே, வண்டி சாய்கிற சாய்ப்பை வைத்து, "ஆரியங்காவு வந்துட்டு", "இப்ப பதிமூணு கண் பாலம்", "தென்மலை, இங்க இடதுல திருப்பணும்டே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நர்ஸுக்கு அதுதான் பிபி மெஷினைவிட நம்பிக்கை. குளத்தூப்புழை தாண்டிக் கொஞ்ச நேரம் ஊர் பெயர் வரவில்லை. நான் கையைப் பிடித்து "பெரியப்பா, எந்த ஊரு?" என்றேன். ரொம்ப நேரம் கழித்து "பாலோடு" என்றார். உண்மையில் மடத்தறைதான் வந்திருந்தது. ஆனால் பதில் வந்துவிட்டதே.

ஆஸ்பத்திரி. வாசலிலேயே ஆள் நின்றார்கள். பதிவு, டோக்கன், கேஷுவால்ட்டியில் உட்கார வைப்பது எதுவும் இல்லை, ஸ்ட்ரெச்சர் நேராக லிப்டுக்குப் போய்விட்டது. இதற்கு முழு ஸ்டார். சர்ஜன் எங்களிடம் பேசியது ஐந்து நிமிஷம் இருக்கும், கேஸ் ஷீட்டுக்குப் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். தமிழ் நன்றாகவே பேசினார். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இரண்டு தொடைப் பக்கமும் ரத்தக்குழாய் வழியாக மடித்த ஸ்டென்ட் குழாயை மேலே ஏற்றி உள்ளே விரிப்பது. வயிற்றைத் திறக்க வேண்டாம், மரத்துப்போகிற ஊசியோடுகூடச் செய்யலாம். இன்னொன்று, வயிற்றைத் திறந்து செய்வது. பெரியப்பாவுக்கு முதல் வழி சரிப்படாது, ஏனென்றால் சிறுநீரகத்துக்குக் கிளை பிரிகிற இடத்துக்குக் கீழே வழக்கமான ஸ்டென்ட் பிடித்து நிற்க ஒன்றரை சென்டிமீட்டராவது கெடாத குழாய் வேண்டும், இவருக்கு அரை சென்டிமீட்டர்தான், அதுவும் வளைந்து கிடக்கிறது. ஆகவே திறந்துதான் ஆக வேண்டும்.

"எத்தனை சதவீதம் சார்?" என்று அண்ணன் கேட்டான். சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்வதில்லை, மேஜைக்கு வந்தவர்களிலும் மூன்றில் ஒருவரை, சில நேரம் அதற்கும் மேலே, ஒரு மாதத்துக்குள் இழந்துவிடுகிறோம் என்றார். (ராத்திரி உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் பிரிட்டனில் நடந்து 2014ல் வெளிவந்த இம்ப்ரூவ் என்கிற ஆய்வு கிடைத்தது. வெடித்த அனியூரிசம் சந்தேகத்தோடு வந்த 613 பேர். முதலில் ஸ்டென்ட் முறையை முயன்ற பிரிவிலும், திறந்து செய்த பிரிவிலும், ஒரு மாத மரணம் 35, 37 சதவீதம் என்று ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. டாக்டர் எங்களைப் பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.)

சம்மதக் கடிதம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இத்தனை பேர் வருகிற இடத்தில் தமிழில் ஒரு தாள் அச்சடித்து வைத்தால் என்ன? ஒரு மெல்லிய குட்டு.

தியேட்டருக்குள் நடந்ததில் ஒரு துண்டு மட்டும் பெரியப்பாவுக்கே ஞாபகம் இருக்கிறது. முழிப்போடு இருக்கும்போதே மார்பிலிருந்து தொடை வரைக்கும் குளிரக் குளிர மருந்தைத் தடவி, பச்சைத் துணி போர்த்தி, சர்ஜன் கையுறை போட்டு நின்ற பிறகுதான் மயக்கம் கொடுத்திருக்கிறார்கள். மயக்க மருந்து ஏறினால் வயிற்றுத் தசை தளர்ந்துவிடும், இதுவரை இறுக்கிப் பிடித்த பிடி போய்விடும், பிபி சட்டென்று விழும். அதனால் கத்தி கையில் இருக்கும்போதுதான் தூங்க வைப்பார்களாம். பயத்தில் நடுங்கியவரிடம் ஒரு நர்ஸ் குனிந்து "பேடிக்கண்டா அச்சா" என்றிருக்கிறார். மலையாளத்தில் பயப்படாதே என்று அர்த்தம். இவர் காதில் விழுந்தது "பீடி கண்டா". "அந்த நேரத்துலயும் பீடியப் பத்தியே பேசுதாளேன்னு நெனச்சேன்" என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நாலு மணி இருபது நிமிஷம். நெஞ்சுக்குழியிலிருந்து கீழே வரை ஒரே கீறல், வீக்கத்துக்கு மேலே, சிறுநீரகக் கிளைகளுக்கும் மேலே தமனியைக் கிளிப் போட்டு நிறுத்தி, வீக்கத்தைத் திறந்து பழைய ரத்தக்கட்டியை வழித்தெடுத்து, முதுகுப் பக்கமிருந்து உள்ளே கசிகிற சின்னக் குழாய்களைத் தைத்து அடைத்து, 20 மில்லிமீட்டர் டாக்ரான் குழாயை மேலேயும் கீழேயும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். பழைய வீக்கத்தின் தோலையே அந்தக் குழாய்க்குச் சட்டை மாதிரி மேலே சுற்றித் தைத்துவிடுவார்களாம், குடல் வந்து உரசாமல் இருக்க. டாக்ரான் என்றால் வேறொன்றுமில்லை, நம் டெரிகாட்டன் சட்டையில் கலந்திருக்கிற அதே பாலியஸ்டர்தான். 1950களில் அமெரிக்க சர்ஜன் மைக்கேல் டிபேக்கி கடையில் துணி வாங்கி மனைவியின் தையல் மிஷினில் தானே குழாய் தைத்துப் பார்த்திருக்கிறார். அதற்கு முன்னால் 1948ல் ஐன்ஸ்டைனுக்கு இதே வீக்கம் வந்தபோது சர்ஜன் நிஸ்ஸன் செலோஃபேன் தாளைச் சுற்றித்தான் விட்டார், அதை வைத்துக்கொண்டு அவர் 1955 வரை ஓட்டினார்.

ஊரிலிருந்து ஒரு வேன் நிறையப் பையன்கள் ரத்தம் கொடுக்க வந்தார்கள். ரத்த வங்கியில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து மரியாதையாக நடத்தினார்கள். சரி.

ஐசியு. ஒன்பது நாள். முதல் இரண்டு நாள் வென்டிலேட்டர். கிளிப் சிறுநீரகக் கிளைகளுக்கு மேலே போட்டதால் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடுகிற கழிவு) ஏறும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், ஏறியது, இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள், அப்புறம் தானாக இறங்கியது. நான் பார்த்து அசந்த விஷயம் வேறு. மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து இரண்டு பாதத்திலும் ஒரு பேனா மாதிரிக் கருவியை வைப்பார். "ஷ்வுக், ஷ்வுக்" என்று சத்தம் வரும். காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு ராத்திரி இடது பாதத்தில் சத்தம் வரவில்லை. அந்தப் பெண் ஒரு இடம் தள்ளி வைத்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் தள்ளி, கணுக்காலுக்குப் பின்னால். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மூச்சுவிடவில்லை. சத்தம் வந்தது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார், அடுத்த ஷிப்டுக்காரர் தேடக்கூடாதே என்று. மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் லேசாக ரத்தம் தெரிந்தவுடன், குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்திருக்குமோ என்று உடனே குழாய் விட்டுப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை. நர்ஸிங்குக்கு ஐந்துக்கு ஆறு ஸ்டார் கொடுக்க வழியிருந்தால் கொடுப்பேன்.

இப்போது திட்டு. பில் கவுண்டர். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே முன்பணம் இரண்டு லட்சம் கட்டச் சொல்லி அண்ணனை மூன்று தடவை கூப்பிட்டார்கள். சர்ஜன் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையை அங்கே எடுக்கவில்லை, அதை வந்தவுடனே சொல்லியிருக்கலாம், நாலாவது நாள் சொன்னார்கள். மொத்தம் ஏழு லட்சத்து நாற்பதாயிரம். டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள், கையில் தாள் வந்தது சாயங்காலம் ஐந்தேகால். மருந்து பில்லில் ஒரே ஊசி இரண்டு இடத்தில் ஏறியிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன், திருத்திக் கொடுத்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

கூட இருப்பவரை அங்கே "பைஸ்டாண்டர்" என்பார்கள், ஒரு ஆளுக்கு ஒரு பாஸ்தான். பாஸ் இல்லாதவர் படிக்கட்டில் படுக்க வேண்டியதுதான். கேன்டீனில் கஞ்சியும் பயறும் அருமை, சாம்பாரைத் தொடாதீர்கள். காபி என்று கேட்டால் வருவது காபி இல்லை.

ஆக, ஸ்கேன் டாக்டரைத் தனியாக வைத்துவிடுங்கள், அவருக்கு ஸ்டார் கணக்கே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு நாலு. ஒரு ஸ்டார் குறைந்தது முழுக்க கவுண்டருக்காக. இதே மாதிரி யாருக்காவது வந்தால் நீங்கள் எந்த ஊர் போகப்போகிறீர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை, வண்டி கிளம்புவதற்கு முன்னால் யாராவது போன் போட்டு மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்: ரத்தநாள சர்ஜன் இப்போது, இந்த நிமிஷம், இருக்கிறாரா, தியேட்டரும் ஐசியு படுக்கையும் காலியா, ரத்தம் இருக்கிறதா. "வாங்க பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.

பெரியப்பா பதினெட்டாம் நாள் வீடு வந்தார். பீடி விட்டாச்சு. பெரியம்மா வீட்டில் பீடி சுற்றுகிற தட்டையும் இலையையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்க வாய்ப்பு அதிகம், ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதியிருந்தார்கள். சித்தப்பா இரண்டு மாதம் டிமிக்கி கொடுத்தார், கடைசியில் சித்தி சோறு போடமாட்டேன் என்றதும் போனார். 3.6. இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், புகையை நிறுத்துங்க, வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒல்லியான ஆளுக்கு நல்ல தமனியே வயிற்றை ஆட்டிக் காட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியும் கேட்காமல், மனுஷன் தினமும் ராத்திரி மல்லாந்து படுத்து ரிமோட்டை வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிவிகூடப் போடுவதில்லை.